செத்தவள் ஊஞ்சலில் வந்து உட்கார்ந்த விவரம்

உடையார்பாளையம்,
விய ஆண்டு தை மாதம் 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ, பட்டணத்து சினிமா ஸ்டூடியோவில் உளியும் கையுமாக விளங்கும் சித்தப்பா அங்கமுத்து அவர்கள் சமூகத்துக்கு, அண்ணன் மகன் சின்னதுரை அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் அப்பா, அம்மா, உழவு மாடு இரண்டு, கன்று ஒன்று, நான் ஆகிய அனைவரும் க்ஷேமம். எருமைக்கு மட்டும் வாய் சரியில்லை. தங்கள் க்ஷேமத்துக்கும், சித்தியின் க்ஷேமத்துக்கும், டைரக்டர் மார்க்கண்டன் அவர்களின் க்ஷேமத்துக்கும் பதில் எழுதவும். மூன்றாவதை முதலில் எழுதினாலும் குற்றமில்லை.

'நிற்க' என்று எழுதினால்தான் அது கடிதம் என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்கிறார். ஆனால் இந்தச் செய்தியை நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவீர்கள். ஆகையால், உட்கார்க.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தங்கள் தமையனாரும் என் தகப்பனாருமாகிய ஆண்டவர் அவர்கள், சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஆட்டம் முடிந்து விளக்குப் போட்ட சமயத்தில், நம் ஊர் டூரிங் கொட்டகை வாசலில், சோடாக் கடைக்குத் தென்புறமாக நின்று, சிரித்தார்கள். மேல்வரிசைப் பல் நான்கு தெரிந்தது. கீழ்வரிசை தெரிந்ததா என்பதில் சாட்சிகளுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. சோடாக்காரர் தெரிந்தது என்கிறார். நான் பார்க்கவில்லை, மேல்வரிசையைப் பார்த்த அதிர்ச்சியில் கண்ணை மூடிவிட்டேன்.

இந்தச் சிரிப்பின் அருமை விளங்க வேண்டுமானால் ஆடி மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். அக்கா கலியம்மாளுக்குச் சித்திரையில் தா.பழூர் வைரக்கண்ணு அத்தானோடு கல்யாணம் ஆனதும், பந்தலில் தாங்கள் மூன்று தடவை பாயசம் வாங்கியதும் தங்களுக்கு நினைவிருக்கும். ஆடி பிறந்ததும் முறைப்படி அக்காவை இங்கே அழைத்து வந்தோம். ஆடி முடிகிற சமயத்தில் மாப்பிள்ளைக்குத் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்து ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். அவர் வந்து விருந்து சாப்பிட்டு, வேட்டி வாங்கிக்கொண்டு, ஆவணியில் பெண்டாட்டியை அழைத்துப் போக வேண்டும். இதுதானே முறை. இந்த முறையில்தான் முறுக்கு விழுந்தது. ஆவணி வந்தது, அத்தான் வரவில்லை. "வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாச்சு. வராதவர் வூட்டுக்கு நான் போயிக் காலைப் புடிக்கணுமா" என்று அப்பா. வெற்றிலையே வரவில்லை, கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அத்தான் அங்கே யாரிடமோ சொன்னதாகக் காற்றுவாக்கில் ஒரு பேச்சு. ஆக, இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு கவுளி வெற்றிலை காணாமல் போயிருந்தது. அது எங்கே போனது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பெரியவர்கள் பேச்சில் சிறுவர்கள் தலையிடக் கூடாது என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

தலைதீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. அக்கா தன் டிரங்குப் பெட்டியை ஆடி முடிந்தபோது கட்டிவைத்தவள், அவிழ்க்கவே இல்லை. மாற்றுச் சேலை வேண்டுமென்றால் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொள்வாள். தெற்கேயிருந்து ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வந்தவள் போல நிற்பாள். நம் மாடுகள் ஆறு மாதத்தில் குடித்த தண்ணீரில் ஒரு போகம் விளைவித்திருக்கலாம். போதாக்குறைக்கு, தா.பழூரில் அத்தானின் அம்மா வேறு பெண் பார்க்கிறார்கள் என்று பொங்கலன்று ஒரு செய்தி வந்தது. அன்று அக்கா பொங்கல் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, சித்தப்பா. இதைப் படித்தால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டைரக்டர் மார்க்கண்டன் அவர்களின் பரம ரசிகன் என்பது மூன்று தாலுகாவுக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் வைரக்கண்ணு அத்தான்தான். கல்யாணம் ஆன எட்டாம் நாள் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து அரியலூருக்குக் கூட்டிப்போய் முதல் படம் காட்டினார். திரையில் டைரக்டர் பெயர் வந்ததும் எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர்கள் மணலை அள்ளி எறிந்தார்கள். அவர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றார். வரும் வழியில், "மத்தவங்க படத்துல அழுவறவங்களக் காட்டுவாங்கடா. இவரு படத்துல அவங்க கையில இருக்கிற செம்பு நடுங்குறதைக் காட்டுவாரு. அவ்வளவுதான், நமக்குத் தொண்டை அடைச்சிடும்" என்றார். அன்றிலிருந்து நான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் கையை மட்டும் தூரத்திலிருந்து பார்ப்பேன். அதில் பிரம்பு இருக்கும்.

அப்பேர்ப்பட்ட டைரக்டரின் 'அஞ்சுகவேணி' நம் ஊர்க் கொட்டகைக்கு வருகிறது என்று தமுக்கு அடித்தபோதே எனக்கு உள்ளங்கால் அரித்தது. கதை தங்களுக்குத் தெரியும். அதில் வருகிற ஊஞ்சலே தாங்கள் செய்ததாயிற்றே. புருஷன் வீண் சந்தேகத்தில் பெண்டாட்டியை விரட்டிவிடுகிறான், கடைசியில் அவள் வெள்ளத்தில் போய்விடுகிறாள், அவன் ஆற்றங்கரையில் முழு ஒரு பாகத்துக்கு அழுகிறான், சுபம் இல்லாமலே படம் முடிகிறது என்று தாங்கள் தீபாவளிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. டைரக்டர் படம் என்றால் அத்தான் தா.பழூரிலிருந்து வராமல் இருக்க மாட்டார். சினிமா குடியைக் கெடுக்கும் என்று சொல்கிற அப்பாவும் இவர் படத்துக்கு மட்டும் நாற்காலி டிக்கெட்டில் போய் உட்கார்வார். அக்கா பெண்கள் பக்கம் இருப்பாள். மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற நேரத்தில், செத்துப்போகிற முடிவைக் காட்டி அனுப்பினால் என்ன பிரயோஜனம். ஆகவே டைரக்டருக்கு ஒரு கை கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

படப்பெட்டி அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிற்று. அங்கிருந்து அதைக் கொண்டுவர வேண்டிய கரிவாயு பஸ் முந்தின நாளே நடுவழியில் படுத்துவிட்டதால், நம் ஊர்க் கருப்பண்ணனின் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். துணைக்கு நானே போனேன். பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். வழியில் முந்திரித் தோப்பில் மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கருப்பண்ணன் கண்ணயர்ந்ததும் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு தகர டப்பா. ஒவ்வொன்றிலும் பாகம் இத்தனை என்று காகிதம் ஒட்டியிருந்தது. சித்தப்பா, நான் தயங்கவில்லை. காகிதங்களை அகற்றினேன். கரித்துண்டு எடுத்தேன். அஞ்சுகவேணி சாகிற பன்னிரண்டாம் பாகத்தை ஏழாக்கினேன். கல்யாணமான புதிதில் அவள் ஊஞ்சலாடுகிற மூன்றாம் பாகத்தைப் பன்னிரண்டாக்கினேன். மற்றவற்றைக் கலை நுணுக்கத்தோடு இடம் மாற்றினேன். படச்சுருள்களில் எண் போட்டிருந்த முகப்பெல்லாம் ஊர் ஊராக ஓடி அறுந்துபோயிருந்ததால், ஆப்பரேட்டர் சாமிக்கண்ணுவுக்கு டப்பாவில் போட்டிருக்கிற எண்தான் வேதம். வேதத்தை மாற்றிய முதல் மனிதன் தங்கள் அண்ணன் மகன்.

வெள்ளிக்கிழமை மாலை கொட்டகை நிரம்பி, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இருந்த மூங்கில் தட்டி இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தது. அப்பா நாற்காலியில். அத்தான் தரையில். நான் எதிர்பார்த்தபடியே டைரக்டர் பெயர் வந்ததும் அத்தான் எழுந்து நின்றார். மணல் பறந்தது. அந்த மணலைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று அப்பா தெரிந்துகொண்டு கழுத்தை மறுபக்கம் திருப்பினார். ஒரே ஒரு மெஷின் என்பதால் ஒவ்வொரு பாகம் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். விளக்குப் போடும்போதெல்லாம் இருவரும் முறைத்துக்கொண்டு வேறு வேறு திசை பார்ப்பார்கள். பன்னிரண்டு பாகத்துக்குப் பதினொரு முறைப்பு. கழுத்து வலிக்கு மறுநாள் அப்பா தைலம் தேய்த்துக்கொண்டார்.

கதை தாறுமாறாகப் போகிறதே, ஜனங்கள் கூச்சல் போடுவார்களோ என்று எனக்குப் பயம்தான். நம் ஜனங்களை நான் அறியவில்லை. நான்காவதாக வந்த பாகத்தில் வளைகாப்பு, ஐந்தாவதில் பெண் பார்க்கும் படலம். பக்கத்தில் ஒருவர், "அது பெரியவளோட வளைகாப்பு, இது சின்னவ" என்று எல்லோருக்கும் தெளிவு சொன்னார். ஏழாவதில் வெள்ளம் வந்தது. அஞ்சுகவேணி போனாள். புருஷன் ஆற்றங்கரையில் நின்று அவள் விட்டுப்போன ஒற்றை மெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாடுகிறான். முகத்தைக் காட்டவில்லை, சித்தப்பா. அந்தக் கையை மட்டும்தான் காட்டுகிறார் டைரக்டர். நான் அத்தானின் கையைப் பார்த்தேன். கையில் முறுக்கு இருந்தது. தின்னவில்லை, கீழே போடவும் இல்லை. தட்டிக்கு அந்தப்பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது அக்கா என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட உறிஞ்சல்.

அப்புறம் நாலைந்து பாகம் எப்படிப் போயின என்று எனக்கே தெரியாது. கடைசியில் வந்தது நான் பன்னிரண்டாக்கிய பாகம். சன்னலில் வெயில் விழுகிறது. தாங்கள் செய்த ஊஞ்சல் மட்டும் காலியாக ஆடிக்கொண்டிருக்கிறது. கிளிமூக்குக் கொக்கி, நாலு பக்கமும் பித்தளைப் பூண். பிறகு ஒரு கை வந்து சங்கிலியைப் பிடிக்கிறது. ஒற்றை மெட்டி போனவள், இரண்டு காலிலும் மெட்டியோடு, தலைநிறையப் பூவோடு, வந்து உட்கார்கிறாள். சித்தப்பா, கொட்டகை அதிர்ந்தது. தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் எழுந்து குதித்தார்கள். பெண்கள் பக்கம் குலவை போட்டார்கள். ஒரு அம்மாள் திரையை நோக்கிக் கற்பூரம் கொளுத்தப் போய், சாமிக்கண்ணு மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்து தடுத்தார். "என் சித்தப்பா செஞ்ச ஊஞ்சல்" என்று நான் கத்தியது என் காதிலேயே விழவில்லை.

வாசலில் எல்லோரும் முட்டிமோதி வெளியே வரும்போது அத்தான் நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்றார். அக்கா அம்மாவின் முதுகுக்குப் பின்னால். அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செத்துப் போனவளே திரும்பி வந்து ஊஞ்சல்ல ஒக்காந்துட்டா மாமா. உசுரோட இருக்கிற எனக்கு உங்க வூட்டுக்கு வர ஆறு மாசம் ஆவுது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பையன்கிட்டத்தானே வெத்தலை பாக்குக் குடுத்தனுப்புனேன். அதுக்கு மேல நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். ஒரு பாகம் ஓடி முடிகிற நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அப்பாவிடம், "வந்துச்சு மாமா. நான்தான் வீம்புக்கு வரல. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அப்போதுதான் தங்கள் தமையனார் சிரித்தார்கள். மேற்படி பல் நான்கும் தெரிந்தது.

பார்த்தீர்களா, சித்தப்பா. வெற்றிலையே வரவில்லை என்று ஆறு மாதமாகச் சாதித்த மனிதர், டைரக்டரின் ஒரு படத்தைப் பார்த்ததும் பொய்யை விட்டு மெய்க்கு வந்துவிட்டார். கலை என்றால் இது அல்லவா கலை. அக்கா மறுநாளே டிரங்குப் பெட்டியோடு வண்டி ஏறிவிட்டாள். கட்டிய பெட்டியாதலால் கட்டும் வேலை மிச்சம். ஏறும்போது அம்மாவிடம் அழுதாள், அப்பாவிடம் அழுதாள், என்னிடம் மட்டும், "மாட்டுக்கு இனிமே நீ தண்ணி வைடா" என்று சிரித்தாள்.

மறுநாள் ஆட்டத்துக்குள் சாமிக்கண்ணு தவறைக் கண்டுபிடித்துப் பாகங்களைச் சரியாக அடுக்கி ஓட்டினார். படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்திருக்கவில்லை. நேற்று உயிரோடு இருந்தவளை இன்றைக்குக் கொன்றுவிட்டு விளக்கைப் போட்டால் என்ன நியாயம் என்று கேட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கொட்டகை முதலாளி ஊஞ்சல் பாகத்தை இன்னொரு தடவை ஓட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள். இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டப்போகிறார்களாம்.

ஆகவே, தாங்கள் டைரக்டர் மார்க்கண்டன் அவர்களை நேரில் கண்டு, உடையார்பாளையம் சின்னதுரை என்பவன் தங்களுக்கு ஆயுள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறான் என்று தெரிவிக்கவும். எங்கள் வீட்டு விளக்கு அவர் படத்தால் எரிகிறது என்று சொல்லவும். கூடவே, படத்தின் பாகங்களை முன்னும் பின்னுமாகச் சேர்க்கிற வேலையில் இந்த வட்டாரத்தில் எனக்கு நிகர் இல்லை என்பதையும், அவருக்கு அந்த இலாகாவில் ஆள் தேவைப்பட்டால் ஐந்தாம் பாரப் படிப்பை இன்றே துறக்கச் சித்தமாயிருக்கிறேன் என்பதையும் ஜாடையாகச் சொல்லவும். சின்னதுரை கயிறு திரிக்கிறான் என்று அப்பா அடிக்கடி சொல்வார். சித்தப்பா ஊஞ்சல் செய்கிறார், அண்ணன் மகன் கயிறு திரிக்கிறேன். ஒரே தொழில்தானே.

தங்கள் உளி மழுங்காமலும், சித்தியின் குழம்பு ஆறாமலும், டைரக்டரின் விளக்கு அணையாமலும் இருக்க நம் ஊர்ப் பயறணீஸ்வரர் அருள்புரிவாராக. அப்பா ஆசி சொன்னார், சிரிக்காமல்தான் சொன்னார். வெள்ளிக்கிழமைச் சிரிப்பு இந்த வருஷத்துக்குப் போதும் போலிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த அண்ணன் மகன்,
சின்னதுரை

பின் குறிப்பு: உறையை ஒட்டக் கஞ்சி எடுத்துவந்து வைத்துக்கொண்டு, அரை மணியாக ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். கஞ்சியைப் பார்த்தால் ஆடு நினைவுக்கு வருகிறது. முந்திரித் தோப்பில் நான் பெட்டியைத் திறந்தது டைரக்டரின் படச்சுருளை வெயிலில் பிடித்துப் பார்க்கிற ஆசையில்தான். டப்பாக்களை நிழலில் வரிசையாக வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே நானும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஒரு வெள்ளாடு பன்னிரண்டு காகிதத்தையும் பசையோடு தின்று முடித்து, பதின்மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தது. டப்பாக்கள் காலால் உதைபட்டு நாலாபக்கமும் உருண்டு கிடந்தன. கருப்பண்ணன் எழுவதற்குள் கைக்கு வந்ததற்கெல்லாம் கரியால் எண் போட்டேன். எதற்கு எந்த எண் என்று எனக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது. ஆகவே டைரக்டரிடம் வேலை கேட்க வேண்டாம். அப்படியே கேட்டாலும் ஆட்டுக்குக் கேட்கவும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். ஆடி மாதம் அப்பா தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் பையில் போட்டு, அத்தானை அழைத்துவரச் சொல்லி அனுப்பியது என்னைத்தான். போகிற வழியில் ஜெயங்கொண்டம் கொட்டகையில் நம் டைரக்டரின் பழைய படம், அன்றைக்குக் கடைசி நாள். என்னிடம் டிக்கெட்டுக்குக் காசில்லை. வாசலில் நின்ற, அத்தானுக்குப் பழக்கமான செல்லக்கண்ணு என்பவர் தேங்காயையும் பழத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். வெற்றிலையை அவரே போட்டுக்கொண்டார். வெறும் பையோடு தா.பழூர் போக முகமில்லாமல் ஜெயங்கொண்டத்திலேயே தெரிந்த பையன் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் வந்து, அத்தானுக்கு வேலை இருக்கிறதாம், வரச் சௌகரியப்படவில்லையாம் என்று அப்பாவிடம் சொன்னேன். நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அது ஆறு மாதம் ஆகிவிட்டது, சித்தப்பா. பொங்கலன்று சாப்பிட முடியாமல் போனது அதனால்தான்.

ஆகவே கொட்டகை வாசலில் அத்தான் பொய்யை விட்டு மெய்க்கு வந்தார் என்று மேலே எழுதியது நேர்மாறு. ஆறு மாதம் அவர் சொன்னதுதான் மெய். எனக்காக அப்பாவிடம் சொன்னது பொய். அதைவிட, அவர் மனம் மாறியதற்கு ஊஞ்சலும் காரணமில்லை, ஆடும் காரணமில்லை, நானும் காரணமில்லை. போன வாரம்தான் செல்லக்கண்ணு ஏதோ பேச்சில், உங்க மச்சினன் தேங்கா குடுத்துப் படம் பாத்த பயலாச்சே என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறார், அவருடைய வண்டிக்காரரே இதை என்னிடம் சொன்னார். அத்தான் வெள்ளிக்கிழமை இங்கே வந்ததே அக்காவை அழைத்துப் போகத்தான். வண்டியில் புது வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, தலையணையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். படம் போடுமுன்பே நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் என் சாமர்த்தியம் என்று தங்களுக்கு எழுதினேன்.

மறுநாள் வண்டி கிளம்பும்போது அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து, வழக்கம்போல் அவர் கையைப் பார்த்தேன். கையில் ஒரு தேங்காய் இருந்தது. "ஆடிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. இந்த வருசம் யாருக்கும் குடுக்காம என்கிட்ட கொண்டா" என்று சொல்லி என் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அவ்வளவுதான் சொன்னார். டைரக்டராக இருந்தாலும் இதற்கு மேல் வசனம் வைக்க மாட்டார்.

தேங்காய் இப்போது அம்மாவின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. சாவியை அம்மாவே வைத்துக்கொள்ளும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். நம் டைரக்டரின் அடுத்த படம் மாசியில் ஜெயங்கொண்டத்துக்கு வருகிறதாம்.